வட்டம் கோணலான கதை

அமெரிக்காவின் அலபாமா நதி ஓரிடத்தில் குதிரை லாடம்போல் வளைந்து திரும்புகிறது. மூன்று பக்கமும் தண்ணீர், நான்காவது பக்கம் ஒற்றை மண்பாதை. 1816-இல் ஜோசப் கீ என்ற பருத்தித் தோட்டக்காரர் அந்த வளைவுக்குள் வந்து நிலம் பிடித்தார். ஊருக்குக் ‘கீஸ் பெண்ட்’, அதாவது கீயின் வளைவு என்ற பெயர் நின்றுபோனது. 1845-இல் கடனுக்கு ஈடாகத் தோட்டம் அவருடைய உறவுக்காரர் மார்க் பெட்வேயின் கைக்கு மாறியது. அவர் வட கரோலினாவிலிருந்து சுமார் நூறு அடிமைகளோடு கிளம்பி வந்தார். எஜமானர் குடும்பம் வண்டியில் வந்தது. அடிமைகளுக்கு அத்தனை தூரமும் நடை. அடிமை முறை ஒழிந்த பிறகும் அவர்களுக்குப் போக வேறு இடமில்லை. அதே நிலத்தை வாரத்துக்கு உழுதார்கள். எஜமானரின் பெயரே அவர்களுக்குக் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. சொந்தமென்று சொல்லிக்கொள்ள அந்தப் பெயரும் கொஞ்சம் கந்தைத் துணியும்தான் மிச்சம்.

அந்தக் கந்தை வீணாகவில்லை. மரப்பலகைக் குடிசைகளில் பலகைக்குப் பலகை இடைவெளி. குளிர்காலத்தில் காற்று கேட்காமலேயே உள்ளே வந்தது. சுவரில் செய்தித்தாளை ஒட்டினார்கள். உடம்புக்குப் போர்வை தைத்தார்கள். முழங்கால் தேய்ந்த கால்சட்டை, காலர் கிழிந்த சட்டை, மாவு மூட்டைச் சாக்கு எல்லாம் மேல்துணியாயின. அடியில் இன்னொரு துணி. நடுவே, பருத்தி அரவை ஆலையின் தரையில் கூட்டி அள்ளிய கழிவுப் பஞ்சு. ஊரெல்லாம் பருத்தி விளைவித்தவர்களுக்குக் கிடைத்தது அந்தக் கூட்டல் பஞ்சுதான்.

வரைபடமோ அட்டை அச்சோ அங்கே கிடையாது. ஒரு துண்டை எடுத்து வைத்துப் பார்ப்பார்கள், அதன் பக்கத்தில் இன்னொன்றை ஒட்டுவார்கள். நீளம் போதாவிட்டால் வேறு நிறத்தில் ஒரு பட்டையைச் சேர்ப்பார்கள். சதுரத்தைச் சுற்றிச் சதுரம், அதைச் சுற்றி இன்னொன்று என்று விரியும் மாதிரிக்கு ‘ஹவுஸ்டாப்’ என்று பெயர். எதற்கும் அடங்காததற்கு ‘மை வே’, என் வழி. எப்படிப் போனாலும் பெரும்பாலும் நேர்கோடுதான். பழந்துணியை இழுத்துக் கிழித்தால் இழையோட்டத்தில் நேராகத்தான் கிழியும். வட்டமாகக் கிழிக்க யாராலும் முடியாது. இந்தச் சின்ன விஷயம் பின்னால் பெரிதாகப் போகிறது. அதற்கு முன்னால் ஊரே துடைத்தெடுக்கப்பட்டது.

1932. வளைவுக்காரர்களுக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்துவந்த வியாபாரி ஒருவர் இறந்துபோனார். பருத்தி விலை ஏற்கெனவே பாதாளத்தில். கணவர் எழுதி வைத்த பாக்கி மொத்தத்தையும் உடனே கட்டச் சொன்னார் விதவை மனைவி. கட்ட யாரிடம் இருந்தது? ஆட்கள் வந்தார்கள். கோவேறு கழுதை, மாடு, பன்றி, கோழி, கலப்பை, வண்டி, சேர்த்து வைத்த சோளம் என்று தூக்க முடிந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவை வைத்துத் தாண்டினார்கள். போர்த்திக்கொள்ளக் கந்தைப் போர்வைகள் இருந்தன.

அந்த அழிவின் செய்தி தலைநகர்வரை போனதுதான் அதிர்ஷ்டம். ரூஸ்வெல்ட் அரசு தோட்ட நிலத்தை வாங்கி, குறைந்த வட்டிக் கடனில் அந்தக் குடும்பங்களுக்கே பிரித்து விற்றது. 1937-இல் அரசு அனுப்பிய ஆர்தர் ரோத்ஸ்டீன் என்ற இளம் புகைப்படக்காரர் செய்தித்தாள் ஒட்டிய சுவர்களையும் தைத்துக்கொண்டிருந்த பெண்களையும் படமெடுத்தார். மற்ற ஊர்களின் கறுப்பின மக்கள் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. சொந்த நிலம் கிடைத்த வளைவுக்காரர்களில் பலர் அசையவில்லை. அம்மாவிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று தையல் அந்த நதிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

1942-இல் மிசௌரி பெட்வே கணவரைப் பறிகொடுத்திருந்தார். அவர் வயலுக்குப் போட்டுப் போன உடுப்புகளை எடுத்து, மகள் அர்லோன்சியாவையும் கூட வைத்துக்கொண்டு, ஒரு போர்வை தைத்தார். கணவர் நினைவாகப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். வெளிறிய நீலம், சாம்பல், பழுப்பு; முழங்கால் இருந்த இடம் அப்படியே கறுத்துத் தெரியும். அறுபது வருஷம் கழித்து அதன் முன்னால் மக்கள் வரிசையில் நிற்பார்கள் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் மிசௌரி சிரித்திருப்பார்.

நதி வளைவுக்கு வெளியே, வசதியான அமெரிக்க வீடுகளில் இதே வேலைக்குக் குயில்டிங் என்று பெயர். அங்கே வட்டத்தின் மேல் தீராத மோகம். கால்வட்டங்களை மாற்றி மாற்றி அடுக்கும் ‘ட்ரங்கர்ட்ஸ் பாத்’, தள்ளாடும் குடிகாரனின் பாதை. ஒன்றோடொன்று கோத்த மோதிரங்களாக ‘டபுள் வெட்டிங் ரிங்’. 1920-களின் கடைசியில் பத்திரிகைகளில் அச்சாகி வீடு வீடாகப் பரவியது. பரவியதே தவிர, பாதி தைத்துப் பெட்டியில் போட்டு வைத்தவர்களும் ஏராளம். வட்டம் அவ்வளவு படுத்தியது.

ஏன் என்பது ரவிக்கையின் கைக்குழியில் கையை ஏற்றித் தைத்தவர்களுக்குத் தெரியும். ஒரு துணியில் வட்டம் வெட்டி எடுத்து, இன்னொரு துணியில் அதே அளவு ஓட்டை வெட்டி, இரண்டையும் சேர்த்துத் தைத்தால் பொருந்த வேண்டும் என்றுதான் மனசு சொல்லும். பொருந்தாது. தையலுக்குக் காலங்குலம் விட்டாக வேண்டும். வட்டத்தில் அந்தக் காலங்குலம் உள்பக்கம் போகிறது, ஓட்டையில் வெளிப்பக்கம். கணக்குப் போட்டால் இரண்டு தையல் கோட்டுக்கும் மூன்று அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். வேடிக்கை என்னவென்றால், தட்டளவு வட்டமானாலும் சக்கரமளவு வட்டமானாலும் இந்த மூன்று அங்குலம் மாறாது. அந்த உபரித் துணி போக்கிடம் இல்லாமல் சுருக்கம் விழும். போதாததற்கு வளைவாக வெட்டிய விளிம்பு கிராஸ் பீஸ் மாதிரி இழுத்த இழுப்புக்கு நீளும். ஆகவே வட்டத்துக்கு ஓர் அட்டை அச்சு, ஓட்டைக்கு வேறு அளவில் இன்னொன்று, விரற்கடைக்கு ஒரு குண்டூசி, கத்தரிக்கோலால் பொறுமையாக வெட்டு. மனம் போன போக்கில் வட்டம் போடுவதென்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியமாக இருந்தது. அதை நினைக்க வைத்த கருவியின் கதை பசிபிக் கடலுக்கு அப்பால், உடைந்த கண்ணாடியில் ஆரம்பித்தது.

ஜப்பானின் ஒசாகா. உலகப்போர் முடிந்து சில வருஷம். யோஷியோ ஒகாடா அச்சகத் தொழிலில் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தார். பிளேடு சீக்கிரம் மழுங்கும். நுனி மட்டும் மழுங்கினாலும் முழு பிளேடும் குப்பைக்குப் போகும். அந்த வீண் அவரை உறுத்தியது. செருப்புத் தைப்பவர்கள் கண்ணாடித் துண்டால் தோலைச் சீவுவதையும், மழுங்கினால் கண்ணாடியை உடைத்துப் புது முனை எடுப்பதையும் பார்த்திருந்தார். அமெரிக்கச் சிப்பாய்கள் கொடுத்த சாக்லெட் பட்டையும் நினைவுக்கு வந்தது. கோடு கோடாக அச்சிருக்கும், அந்தக் கோட்டில் உடையும். இரண்டையும் மனதில் ஒட்டுப்போட்டார் ஒகாடா. 1956-இல் நுனியை ‘டக்’கென்று முறித்தால் புது முனை வரும் கத்தி பிறந்தது. ஜப்பானிய மொழியில் ‘ஓரு’ என்றால் முறி, ‘ஹா’ என்றால் அலகு. அதிலிருந்து ஒல்ஃபா என்ற பெயர் வந்தது. முட்டை மஞ்சள் கருவின் நிறத்தில் கைப்பிடி. இன்று எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் தொங்கும் அந்தக் கத்திக்கும் அலபாமா போர்வைக்கும் அப்போதைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

அலபாமாவில் அடுத்த சில வருஷங்களில் படகு போய்விட்டது. வளைவிலிருந்து அக்கரையில் இருந்த கேம்டன் நகரத்துக்கு ஒரு படகுத்துறை உண்டு. சில நிமிஷப் பயணம். கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க அந்த நகரத்துக்குப் போக ஆரம்பித்த காலத்தில், 1962-இல், படகு நிறுத்தப்பட்டது. கண்ணுக்கெதிரே தெரிந்த ஊருக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் சுற்றிப் போக வேண்டிவந்தது. 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் அந்த வளைவுக்கே வந்து பேசினார். ஓட்டுரிமை கேட்டதற்காக அந்த மாவட்டத்தில் வேலையையும் வீட்டையும் இழந்தவர்கள் பலர். வருமானத்துக்கு வேறு வழி தேட வேண்டிய நேரத்தில் ஒரு கார் வழிதவறியது.

அந்த ஆண்டு டிசம்பர். பிரான்சிஸ் வால்ட்டர் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார், உரிமைப் போராட்டக்காரர்களுக்கு நேர்ந்த கொடுமைகளைப் பதிவு செய்ய அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு குடிசை வாசலில், துணி காயப்போடும் கொடியில் மூன்று போர்வைகள் தொங்கின. வண்டியை நிறுத்தி இறங்கினார். முன்பின் தெரியாத வெள்ளைக்காரனைக் கண்டதும் வீட்டுக்காரப் பெண் காட்டுக்குள் ஓடிவிட்டார்.

வால்ட்டர் விடவில்லை. வேறொரு நாள் திரும்பி வந்தார். ஒன்றுக்குப் பத்து டாலர் கொடுத்துச் சுற்றுவட்டாரத்தில் போர்வைகளைச் சேர்த்து நியூயார்க்கில் ஏலம் விட்டார். 1966 மார்ச்சில் பெண்கள் ஒன்றுகூடி ‘ஃப்ரீடம் குயில்டிங் பீ’ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். ஃபேஷன் பத்திரிகைகள் கொண்டாடின, பெரிய கடைகள் ஆர்டர் கொடுத்தன. ஆர்டரோடு ஒரு நிபந்தனையும் வந்தது. ஒன்று இருப்பதுபோலவே நூறும் இருக்க வேண்டும். அதே அளவு, அதே மாதிரி, கோணல் கூடாது. பார்த்துப் பார்த்து ஒட்டிய கைகளுக்கு அச்சைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். ‘மை வே’ முடிந்துபோகும் போலிருந்தது.

அது முடியாமல் காத்தது, எனக்குத் தெரிந்து, ஒரு தலையணை உறை. 1972-இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைத்துத் தரச் சொல்லிக் கூட்டுறவோடு ஒப்பந்தம் போட்டது. ஒரே அச்சில் வார்த்த, உயிரில்லாத வேலை. ஆனால் வெட்டுத்துணி மிஞ்சியது. தங்க மஞ்சள், செர்ரிச் சிவப்பு, அவகாடோ பச்சை என்று கண்ணைப் பறிக்கும் தடித்த துணி, மூட்டை மூட்டையாக. சாயம்போன வயல்துணியிலேயே காலம் தள்ளிய பெண்கள் அதை வீட்டுக்கு அள்ளிப் போனார்கள். பகலில் சியர்ஸுக்கு அளவெடுத்துத் தைத்தவர்கள், வீட்டில் தங்களுக்கு அளவில்லாமல் தைத்தார்கள். கார்டுராய் வளைந்து கொடுக்காத முரட்டுத் துணி. ஆகவே துண்டுகள் பெரிதாயின, கோடுகள் தடித்தன, நிறங்கள் மோதின. 1976-இல் ஆனி மே யங் சிவப்பும் மஞ்சளுமான கார்டுராய்ப் பட்டைகளை நடுவில் வைத்து, சுற்றிலும் சாயம்போன டெனிமை அகலமாக ஒட்டி ஒரு போர்வை தைத்தார். தைத்து, பயன்படுத்தி, மறந்தும் போனார்.

அதற்கு ஐந்து வருஷம் முன்பே நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் வேறொரு காரியம் செய்திருந்தது. ஜொனாதன் ஹோல்ஸ்டீன், கெயில் வான் டெர் ஹூஃப் இருவரும் சேகரித்த பழைய குயில்ட்டுகளை 1971-இல் படுக்கையிலிருந்து எடுத்துச் சுவரில் மாட்டியது, ஓவியம் மாதிரி. தைத்த பெண்களில் அநேகம் பேரின் பெயர் தெரியாது. ஆனாலும் போர்வை எழுந்து நின்றுவிட்டது. அதன்பின் அதைப் படுக்கவைக்க முடியவில்லை.

1979-இல் ஒசாகாக்காரர்கள் மறுபடி வந்தார்கள். இம்முறை முறிகிற கத்தி வேண்டாமென்று உருளுகிற கத்தி: மஞ்சள் கைப்பிடியின் முனையில் வட்டமான பிளேடு, சுழன்றுகொண்டே வெட்டும். ஆடை தைப்பவர்களை மனதில் வைத்துச் செய்தது. குயில்ட்காரர்கள் அதைப் பறித்துக்கொண்டார்கள். ஐந்தாறு அடுக்குத் துணியை ஒரே இழுப்பில் வெட்டியது அது. பிளாஸ்டிக் ஸ்கேலும் கீழே விரிக்கும் பாயும் சேர்ந்துகொள்ள, கத்தரிக்கோலால் ஒரு நாள் பிடித்த வேலை ஒரு மணி நேரமானது. ஆனால் என்ன வெட்டினார்கள்? நேர்ப்பட்டைகள். வட்டமான பிளேடை வாங்கி, ஸ்கேலை அழுத்திப் பிடித்து, பல வருஷம் நேர்கோடாகவே வெட்டிக்கொண்டிருந்தார்கள்!

அந்த ஸ்கேலைத் தட்டிவிட்டவர் லூசியானா மாநிலம் பேட்டன் ரூஜில் வீட்டு வேலை செய்து பிழைத்த ஆனா வில்லியம்ஸ். துண்டுத் துணிகளை அளக்காமல் சேர்த்து, அங்குல அளவு முக்கோணங்களைக் கொட்டி நிரப்பியதுபோன்ற குயில்ட்டுகளைத் தைத்தவர். 1980-களின் இறுதியில் அவற்றைக் கண்ட நான்சி க்ரோ அசந்துபோனார். ஒஹாயோவின் பெயர்பெற்ற குயில்ட் கலைஞர், அதுவரை அச்சும் அளவுமாகத் துல்லியத்துக்குப் பேர்போனவர். அவர் ஸ்கேலை ஓரம் வைத்துவிட்டு உருளும் கத்தியைத் துணிமேல் நேரடியாக ஓட்டிப் பார்த்தார். பென்சிலால் கோடு இழுப்பதுபோல் கத்தி ஓடியது. கை வளைந்தால் அதுவும் வளைந்தது. யாரிடமிருந்து கற்றேன் என்பதையும் க்ரோ மறைக்கவில்லை. எத்தனையோ கலைகளில் காணக் கிடைக்காத பண்பு அது.

வளைவு வந்துவிட்டது, வட்டம்? அந்த மூன்று அங்குலம் இன்னும் வழியை மறித்துக்கொண்டிருந்தது. தீர்வு முழு வட்டத்தை விட்டுவிடுவதில் இருந்தது. இரண்டு நிறத்தில் இரண்டு சதுரம், ஒன்றன்மேல் ஒன்றாக. மூலையைச் சுற்றிக் கால்வட்டமாகக் கத்தியை ஓட்டினால் இரண்டும் ஒரே கோட்டில் வெட்டுப்படும். ஒன்றின் கால்வட்டத்தை இன்னொன்றின் வளைவுக்கு மாற்றித் தைத்தார்கள். கால்பங்கு வட்டம் என்பதால் வித்தியாசமும் கால்பங்கு, முக்கால் அங்குலம். அது நடுவில் சிக்கிச் சுருங்காமல் ஓரமாக வழிந்து வெளியே நீட்டியது. நீட்டியதை நறுக்கிச் சதுரமாக்கினார்கள். நான்கு சதுரங்களைச் சேர்த்தபோது வட்டம் தெரிந்தது. கால்பங்குகள் ஒன்றோடொன்று சரியாகச் சேராத, ஒரு பக்கம் வீங்கி இன்னொரு பக்கம் இளைத்த வட்டம். காம்பஸ் வைத்துப் போட்டிருந்தால் அது செத்த வட்டமாக இருந்திருக்கும்.

1998. அட்லாண்டாவைச் சேர்ந்த கலைப்பொருள் சேகரிப்பாளர் வில்லியம் ஆர்னெட் ஒரு புத்தகத்தில் ஒரு புகைப்படத்தைப் பார்த்தார். விறகுக் குவியல்மேல் விரித்த போர்வை. நடுவில் சிவப்பும் மஞ்சளும், சுற்றிலும் டெனிம். பார்த்தவர் உட்காரவில்லை. விசாரித்துக்கொண்டே கீஸ் பெண்ட் வந்து, ஒரு நாள் பொழுது சாய்ந்தபின் ஆனி மே யங்கின் கதவைத் தட்டினார். படத்தைப் பார்த்த அவர் கையை விரித்தார். கொசு விரட்டப் பழைய போர்வைகளைக் கொளுத்திப் புகை போடுவது அங்கே வழக்கம். போன வாரம்தான் சிலவற்றைக் கொளுத்தியிருந்தார். இதுவும் அதில் போயிருக்கும்.

மறுநாள் அலமாரிகளையும் கட்டிலடிகளையும் குடைந்தபோது அது கிடைத்தது. சும்மா எடுத்துக்கொண்டு போகச் சொன்னார் ஆனி மே. ஆர்னெட் அதற்கும் இன்னும் சில போர்வைகளுக்கும் சேர்த்துச் சில ஆயிரம் டாலருக்குக் காசோலை எழுதினார். ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கினார். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சி தொடங்கி, அதே ஆண்டு விட்னிக்கு வந்தது. மிசௌரியின் போர்வையும் அங்கே தொங்கியது. அமெரிக்கா படைத்த நவீனக் கலையிலேயே அதிசயமானவை என்ற அளவுக்கு நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் மைக்கேல் கிம்மெல்மன் புகழ்ந்து எழுதினார். 2006-இல் அந்தப் போர்வைகளின் படம் போட்ட அஞ்சல்தலைகள் வந்தன. அதே ஆண்டு, 44 வருஷம் கழித்து, படகும் திரும்பி வந்தது. புகழ் வந்த வழியில் பணத்தகராறும் வந்தது. தங்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று 2007-இல் சில பெண்கள் வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு சமரசமாக முடிந்தது.

அந்தக் கண்காட்சி ஊர் ஊராகப் போன காலத்தில்தான் அமெரிக்க நகரங்களில் இளம் பெண்கள் பாட்டியின் தையல் மெஷினைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். பூப்போட்ட துணியும் வரிசை தவறாத கட்டங்களும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கனெக்டிகட்டின் டெனிஸ் ஷ்மிட், கண்ணை மூடிக் காகிதப் பையிலிருந்து கையில் வந்த துண்டை எடுத்து அடுத்ததோடு தைக்கச் சொல்லி வகுப்பெடுத்தார். 2009 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் அலிசா ஹெயிட் கார்ல்டனும் லத்தீஃபா சாஃபிரும் ஒரு சங்கத்தைக் கூட்டினார்கள்: மாடர்ன் குயில்ட் கில்ட். வழவழவென்ற ஒற்றை நிறங்கள், நிறைய வெற்றிடம், அச்சில்லாத ஒட்டு, அதற்கு நடுவே மிதக்கும் கோணல் வட்டங்கள். இன்று சோபாவின்மேல் அலட்சியமாகக் கிடக்கும் மாடர்ன் குயில்ட் அப்படித்தான் பெயர் சூட்டிக்கொண்டது. சங்கம் தொடங்கிய இருவரில் லத்தீஃபா சாஃபிர் பொறியாளராக இருந்தவர். அவர் பெயர் வாங்கியதும் வட்டத்தில்தான். ஆனால் அவர் வட்டத்தைக் கச்சிதமாக வெட்டுவதற்கென்றே அக்ரிலிக்கில் ஒரு ஸ்கேல் செய்து விற்றார்! தட்டிவிட்ட ஸ்கேல் வேறு வடிவத்தில் திரும்பி வந்துவிட்டது. கோணலா கச்சிதமா என்று குயில்ட்காரர்கள் இன்னும் கட்சி பிரிந்து நிற்கிறார்கள்.

நதி வளைவில் அந்தச் சண்டை கிடையாது. 2022 அக்டோபரில் அங்கே போர்வைகளை வெயிலில் காயப்போடும் வழக்கத்தையே ஒரு விழாவாக ஆரம்பித்தார்கள். வேலியிலும் கொடியிலும் வராந்தாக் கம்பியிலும் போர்வைகள் தொங்கின. வெளியூர்க் கார்கள் வரிசையாக வந்து நின்றன. யாரும் காட்டுக்குள் ஓடவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து விலை சொன்னார்கள். பத்து டாலருக்கு எந்தப் போர்வையும் கிடைக்கவில்லை.